பித்தத்துக்குத் தடை

"பையில இன்னா கீது சார்?"

"அரிசி."

உண்மையைச் சொல்லிக் கெட்டவர்கள் பட்டியலில் என் கணவர் பெயரை அன்று சேர்த்துக்கொண்டேன். மயிலாப்பூர் பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டு. பால் பாக்கெட் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்த காலை நேரம். அறுபது தாண்டிய ஒரு மனிதர் முதுகில் பெரிய பையோடு படி ஏறுகிறார். மேலே போய் ரயில் எதிலும் ஏறாமல் திரும்பிக் கீழே இறங்குகிறார். மறுபடியும் ஏறுகிறார். அவருக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு, அதே மாதிரிப் பையோடு ஒரு அம்மா. அந்த அம்மா நான்தான்.

ரயில்வே போலீஸ்காரர் நல்ல தொந்தியும் நல்ல மீசையுமாக இருந்தார். ஒரு வாரமாக எங்களைக் கவனித்திருக்கிறார். அரிசி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"ரேஷன் அரிசியா?"

"சேச்சே, பொன்னி."

"பிரிச்சுக் காட்டு சார்."

பிரித்தார். போலீஸ்காரர் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டி, முகர்ந்து பார்த்து, ஒன்றிரண்டை வாயிலும் போட்டுக்கொண்டார். பொன்னிதான். ஆனால் அது அவருடைய குழப்பத்தை அதிகமாக்கியதே தவிர குறைக்கவில்லை.

"இத்த எங்க எடுத்துக்கினு போறீங்க?"

"இமயமலைக்கு," என்றார் என் கணவர்.

போலீஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, சாருக்கு உடம்புக்கு ஏதாச்சும்...?" என்று இழுத்தார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றேன் நான்.

இந்த 'ஒண்ணுமில்ல'வை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக் கதையே அதுதான்.

பனி பார்க்காத பனி வாத்தியார்

போன வாரம் எங்கள் மாமரத்துக் காக்கையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, 'வீட்டுக்காரரைப் பற்றி எப்போது எழுதப் போகிறீர்கள், பயமா?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயமெல்லாம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாததுதான் காரணம்.

அவர் பெயர் பெனடிக்ட். சாந்தோம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே பள்ளியில் நான் கணக்கு டீச்சர், ஸ்டெல்லா மிஸ். என் கணக்கு வகுப்பில் பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும். அடுத்த அறையில் அவர் வகுப்பில் சிரிப்புச் சத்தம் கேட்கும். கல்யாணத்துக்கு முன்பே எனக்கு அவர்மேல் இருந்த முதல் கோபம் அது.

பலகையில் இமயமலை வரைவதில் அவரை அடிக்க ஆளில்லை. பழுப்புச் சாக்பீஸால் மலை. பிறகு வெள்ளைச் சாக்பீஸைப் படுக்க வைத்து ஒரே இழுப்பு; பனி. வரைந்து முடித்ததும் டஸ்டரைத் தட்டுவார். முன்வரிசைப் பிள்ளைகள் மேல் தூள் விழும். "பாருங்கடா, பனி பெய்யுது" என்பார். பனி எப்படி உருவாகிறது, எப்படி நகர்கிறது, எப்படி ஆறாகிறது என்று வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தினார். அவர் நேரில் பார்த்த ஒரே பனி எங்கள் வீட்டு ஃப்ரீசரில் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான்.

அப்படியிருந்தவரைக் கிளப்பிவிட்டது நஸ்ரின். கச்சேரி ரோடு பக்கம் எனக்கு ஜாக்கெட் தைத்துத் தரும் டெய்லர் பாயின் மகள். முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு மலையேறப் போய்விட்டாள். இப்போது மற்றவர்களைப் பழக்கிக் கூட்டிக்கொண்டு போவதே வேலை. ஒரு சாயங்காலம் ஜாக்கெட்டைக் கொடுக்க வீட்டுக்கு வந்தவள், செல்போனில் ஒரு படத்தைக் காட்டினாள். உத்தரகாண்டில் ஏதோ ஒரு மலை. முழங்கால் அளவு பனியில் அவள் நின்று சிரிக்கிறாள்.

அவர் செல்போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அவள் முகத்தை அல்ல, காலடிப் பனியை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்று இரவு மீன் குழம்பை அப்படியே வைத்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல அகராதி

இந்த மனிதரின் 'ஒண்ணுமில்ல'வுக்கு நான் ஓர் அகராதியே போடலாம். காலையில் சொன்னால் தூக்கம் போதவில்லை என்று பொருள். சாப்பிடும்போது சொன்னால் உப்பு. சம்பளத் தேதிக்குமுன் சொன்னால் சொல்லவே வேண்டாம். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து, கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருக்க, வாயில் பஞ்சோடு 'ஒண்ணுமில்ல' என்றவர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கையில் தோல் போன அன்றும் அதையே சொல்லிவிட்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார். மயிலாப்பூர் வெயிலில் முழுக்கைச் சட்டை! எனக்குத் தெரியாதாம்.

பரம்பரைச் சொத்து அது. என் மாமனாரும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. மார்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "என்ன மாமா?" என்றேன். "ஒண்ணுமில்லம்மா, வாயு. கொஞ்சம் சுக்குக் காபி போட்டுக் குடு," என்றார். எங்கள் எல்லார் வீட்டிலும் மார்பு வலித்தால் வாயுதானே! நானும் நம்பி அடுப்படிக்குப் போனேன். டம்ளரை நீட்டியபோது வாங்கிக்கொள்ள அவர் கை நீளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு அடுப்பில் சுக்குக் காபி வைத்ததில்லை. அதனால்தான் அன்று மீன் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒழுங்கா வாயைத் திறந்து சொல்லுங்க," என்று அதட்டினேன்.

"பனியைத் தொட்டுப் பார்க்கணும்போல இருக்கு ஸ்டெல்லா," என்றார். ஒரு பத்து வயதுப் பையன் ஐஸ் வண்டியைக் காட்டிக் கேட்பது போல இருந்தது.

மறுநாளே நஸ்ரினைக் கூப்பிட்டேன். போகிறோம், ஆனால் இவரை முழுசாகத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவது உன் பொறுப்பு என்றேன்.

"ஆன்ட்டி, அது என் பொறுப்பு இல்ல. அங்கிள் வாய் பொறுப்பு," என்றாள் அவள். எனக்கு அப்போது புரியவில்லை.

பருத்திக்கு விடை கொடுத்தது

முதலில் டாக்டர். அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேரையும் ஓடுகிற பட்டையில் நடக்கவிட்டு, மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். "மார்ல வலி, மூச்சுத் திணறல் ஏதாவது?" என்று டாக்டர் இவரைக் கேட்டார். இவர் வாயைத் திறக்குமுன் நான் முறைத்த முறைப்பில், "படி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்கும் டாக்டர்," என்று உள்ளதைச் சொன்னார். "உங்களுக்கும்மா?" என்றார் டாக்டர். "எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர்," என்றேன். சோதனையில் இருவருக்கும் குறை எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டு போங்கள் என்றார்.

பிறகு தி. நகர். சித்திரை வெயிலில் பாண்டி பஜாரில் கம்பளிச் சட்டை தேடியிருக்கிறீர்களா? ஐயப்பன் மாலை நேரத்தில் வாங்க என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் பரணிலிருந்து குழந்தைகள் மங்கி கேப் ஒன்றைத் தூசு தட்டி எடுத்து, "சாருக்கு இது இழுத்துக் குடுக்கும்," என்றார். குளிர் என்றால் நமக்கெல்லாம் மார்கழி மாதம் ஃபேனை ஒன்றில் வைப்பதுதானே.

ஆனால் பெரிய சண்டை பனியனில் வந்தது. மலைக்குப் பருத்தி ஆகாது என்று நஸ்ரின் சொல்லிவிட்டாள். வேர்வையில் நனைந்தால் பருத்தி சீக்கிரம் காயாது. நனைந்த துணி அந்தக் குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டி பாலியஸ்டர் மாதிரி சீக்கிரம் காய்கிற துணி, அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு.

"பருத்தி ஆகாதா?" என்று இவர் நடு பஜாரில் நின்றுவிட்டார். "பாலியஸ்டர் உடம்புக்குச் சூடும்மா!"

"சூடு வேணும்னுதானே அங்கிள் போடுறோம்?"

அன்று வீட்டுக்கு வந்து இவர் தன் கைவைத்த வெள்ளைப் பனியனைத் தடவிக்கொடுத்ததை நான் பார்த்தேன்.

பூட்ஸ் கதை இன்னும் மோசம். புதுப் பூட்ஸோடு மலை ஏறினால் கால் கொப்புளித்துப் பாதியில் உட்கார வேண்டியதுதான். ஊரிலேயே போட்டு நடந்து பழக்க வேண்டும் என்பது நஸ்ரின் கட்டளை. இவர் ஞாயிறு பூசைக்கு வேட்டி கட்டி, அதற்குக் கீழே அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். நற்கருணை வாங்கப் போகும்போது கோயில் முழுக்க 'டம் டம்' என்று சத்தம். சாமியாரே ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். நான் முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

அரிசியும் அப்படி வந்ததுதான். வெறும் பையோடு ஏறிப் பழகினால் மலையில் தோள் விட்டுப்போகும். தண்ணீர் பாட்டில் வைத்தால் குலுங்குகிறது. மணல் வைத்தால் வீடெல்லாம் மணல். அரிசிதான் முதுகோடு ஒட்டி உட்கார்ந்தது. வாராவாரம் கொஞ்சம் கூட்டினோம். படிக்கட்டு ஏறி இறங்கிய அந்த அரிசியில்தான் பிறகு சோறும் வடித்தேன். நல்ல ருசி, பொய் சொல்லக்கூடாது.

கடற்கரைச் சட்டம்

சனிக்கிழமைகளில் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் நடை. எங்களைப் போல இன்னும் சிலர் வருவார்கள். மணலில் நடந்தால் கெண்டைக்கால் கெட்டிப்படும். வேகமாக நடந்தவர்களை நஸ்ரின் பிடித்து நிறுத்துவாள்.

"தேர் பார்த்திருக்கீங்கல்ல? அந்த ஸ்பீடு போதும். மேல காத்து கம்மி. ஓடுறவங்கதான் முதல்ல உக்காருவாங்க."

நடை முடிந்ததும் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொருவரிடமும் கேட்பாள். தலை வலிக்குதா? சாப்பாடு இறங்குதா? தூக்கம் வந்துச்சா? எங்கயாவது உரசுதா? மலையில் காலையும் மாலையும் கேட்கப்போவதை இங்கேயே பழக்கினாள்.

முதல் நாள் ஒருவர், "லேசா தலைவலி. ஒண்ணுமில்ல, பித்தம்," என்றார்.

நஸ்ரின் எழுந்து நின்றுவிட்டாள்.

"இதான்! இதத்தான் சொல்ல வந்தேன். உயரத்துக்குப் போனா என்னா ஆகும் தெரியுமா? தலை வலிக்கும், குமட்டும், கிறுகிறுன்னு வரும், சாப்பாடு புடிக்காது. வடக்க இருந்து வர்றவங்க பயந்துபோய் சொல்லிடுவாங்க. நம்மாளுங்க மட்டும் இதுக்கெல்லாம் ஏற்கெனவே ஒரு பேரு வெச்சுக்கினு வர்றாங்க. பித்தம்! எலுமிச்சம்பழத்த மோந்து பாக்குறது, ஒரு இஞ்சி மொரப்பாவ வாயில போட்டுக்கறது, மேல ஏறிக்கினே இருக்கறது. அங்க அது பித்தம் இல்ல. உடம்பு போதும்னு சொல்லுது. கேக்கலேன்னா மூளையில, நுரையீரல்ல நீர் கோத்துக்கும். மருந்து ஒண்ணுதான், கீழ இறங்கறது. நீங்க சொன்னாத்தான் நான் இறக்க முடியும்."

எனக்குச் சுக்குக் காபி டம்ளர் ஞாபகம் வந்தது.

அன்றிலிருந்து சட்டம். 'ஒண்ணுமில்ல', 'பித்தம்' இரண்டு சொல்லுக்கும் தடை. வாயில் வந்தால் அந்தக் கடற்கரையிலேயே இருக்கிற வேளாங்கண்ணி மாதா கோயில் வரைக்கும் மணலில் இன்னொரு நடை. பெனடிக்ட் சார் அந்த மாதம் மாதாவைத் தரிசித்ததுபோல வேறு யாரும் தரிசித்திருக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை அவர் முறை வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மணலைக் கிளறிக்கொண்டு, "இடது குதிகால்ல பூட்ஸ் உரசுது," என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். நஸ்ரின் உடனே குதிகாலைப் பார்த்து, உள்ளே போடும் சாக்ஸை மாற்றச் சொல்லி, பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். கல்யாணமான நாளாக, நான் முறைக்காமலே அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் புகார் அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாயிற்று. அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. தலையணை உயரம், சாம்பாரில் புளி, நான் டிவி வைக்கும் சத்தம், என் அண்ணன் போனில் பேசும் நீளம். ஒருநாள் பொறுக்காமல், "இதுக்குப் பேசாம பழையபடி ஒண்ணுமில்லன்னே சொல்லுங்க," என்றேன். "தடை இருக்கே," என்றார் சிரிக்காமல்.

கிளம்பும் முன் எல்லார் பையையும் நஸ்ரின் சோதித்தாள். எலுமிச்சம்பழம், சீரகம், அஞ்சறைப் பெட்டி வைத்தியமெல்லாம் வெளியே வந்தது. "இதெல்லாம் தப்பு இல்ல ஆன்ட்டி. ஆனா கையில இருந்தா என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி இத வாயில போடுவீங்க," என்றாள். நியாயம்தான். நான்தான் முதலில் தலையாட்டினேன். என் கம்பளி சாக்ஸுக்குள் ஒரு பொட்டலம் இஞ்சி மொரப்பா சுருட்டி வைத்திருந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பழக்கம். வேறென்ன சொல்ல?

மேல் முகாம்

மலையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. தேவதாரு மரங்கள், கூழாங்கல் ஓடை, மூக்கு நுனி மரத்துப்போகும் காற்று. அதற்கெல்லாம் எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கூட்டம் தேர் வேகத்தில் நகர்ந்தது. நடுநடுவே ஒரு நாள் ஓய்வு, உடம்பு பழகுவதற்கு. எங்களை முந்திக்கொண்டு ஓடிய இளைஞர்கள் சிலர் வழியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். இவருக்கு ஒரே பெருமை. "மயிலாப்பூர் ஸ்டேஷன் படிக்கட்டுக்கு ஈடாகுமா," என்றார்.

மேல் முகாமுக்கு மதியம் போய்ச் சேர்ந்தோம். கூடாரத்திலிருந்து பார்த்தால் எதிரே பனி. படம் இல்லை, சாக்பீஸ் இல்லை, நிஜப் பனி. மறுநாள் காலை ஏறினால் தொட்டுவிடலாம். இவர் தேநீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை மாதிரி ஒரு முகம்.

எனக்கு அப்போது தலைவலி ஆரம்பித்திருந்தது.

இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பது போல. பருப்பு வேகும் வாசனை வந்தபோது குமட்டியது. குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபோது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்குத் தெரியாதா? கடற்கரையில் முன்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்டவள் நான். ஆனால் சொன்னால் என்னை இறக்கிவிடுவார்கள். என்னை இறக்கினால் அவரும் இறங்குவார். என்னைத் தனியாக விட்டுவிட்டு அந்த மனிதர் சொர்க்கத்துக்குக்கூடப் போகமாட்டார். வாழ்நாளெல்லாம் பலகையில் வரைந்த பனி, எட்டிவிடும் தூரத்தில். என் தலையால் அது போக வேண்டுமா?

'ஒண்ணுமில்ல, பித்தம்,' என்றேன் எனக்குள்ளேயே. சாக்ஸைப் பிரித்தேன். ஒரு துண்டு மொரப்பா வாயில் போனது.

நஸ்ரின் கூடாரத்துக்கு வெளியே வந்து கேட்டாள். "ஆன்ட்டி, தலை எப்டி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா," என்றேன். தடை செய்த சொல் எதையும் நான் சொல்லவில்லை, கவனியுங்கள். ஊருக்குத்தான் உபதேசம் பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே.

கொஞ்ச நேரத்தில் இவர் கூடாரத்துக்குள் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். திறப்பு வழியே அந்தப் பனியை இன்னொரு முறை பார்த்தார். எழுந்து வெளியே போனார். வகுப்பறைக் குரலில், முகாம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"நஸ்ரின், எனக்குத் தலை வலிக்குதும்மா. குமட்டுது. என்னை இறக்கிவிட்டுடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நஸ்ரின் ஓடிவந்து அவர் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். பார்த்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, அதைக் கழற்றி என் விரலில் மாட்டினாள். என்ன எண் வந்தது என்று சொல்லவில்லை. அவள் முகம் மட்டும் இறுகியது.

"அங்கிளுக்குத் தலைவலின்னா துணைக்கு ஆன்ட்டியும் இறங்கணும். இப்பவே. வெளிச்சம் இருக்கறப்பவே," என்றாள். அந்த ஊர் வழிகாட்டி ஒருவர் எங்களோடு வந்தார். வழியெல்லாம் அந்த வழிகாட்டி என் கணவர் கையைப் பிடிக்கவே இல்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

சப்பாத்தி

இறங்க இறங்க ஆணி கழன்றது. கீழ் முகாமுக்கு வந்தபோது எனக்குத் தலை இருப்பதே மறந்துபோகும் அளவுக்குத் தெளிந்திருந்தது. சூடாகச் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள். இவர் சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட்டார், சாப்பிட்டார், மறுபடியும் தட்டை நீட்டினார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தலைவலிக்காரருக்கு இவ்வளவு பசிக்குமா?"

"இறங்கினா சரியாயிடும்னு நஸ்ரின் சொன்னாளே."

"உங்களுக்கு எப்ப வலிச்சது?"

சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணுமில்ல."

என் அகராதியில் இல்லாத ஒண்ணுமில்ல அது. அன்று ஒருமுறைதான் அந்தச் சொல்லுக்கு உள்ளபடியே ஒண்ணுமில்லை என்று பொருள். அவருக்குத் தலையும் வலிக்கவில்லை, காலும் வலிக்கவில்லை.

"கூடாரம் பூரா இஞ்சி வாசனை, ஸ்டெல்லா," என்றார் மெதுவாக.

"அப்ப என்னையே கேட்டிருக்கலாமே, வலிக்குதான்னு."

"கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

நான் அழுதேன். பல் பிடுங்கியபோதும் முழங்கை கிழிந்தபோதும் வலியை ஒளித்த மனிதர், எனக்காக இல்லாத வலியை ஊர் கேட்கச் சொல்லியிருக்கிறார். பனியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். என் அப்பன் வீட்டில்கூட யாரும் என்மேல் இவ்வளவு பிரியம் வைத்ததில்லை. இதை அவரிடம் நேரில் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவர் வாராவாரம் படிக்கிறார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் நஸ்ரினும் மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். அவள் நேரே இவரிடம் வந்து, துணி சுற்றிய ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை நீட்டினாள். திறந்தால் பாதி தண்ணீர். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி, கரைந்துகொண்டே மிதந்தது.

இவர் நடு விரலால் அதைத் தொட்டார். பிறகு, கோயில் வாசலில் தீர்த்தம் தொட்ட பழக்கத்தில், கை தானாக நெற்றிக்குப் போய், மார்புக்கு இறங்கி, இரண்டு தோளுக்கும் போயிற்று. நஸ்ரின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஃப்ரீசர்ல வர்றத விட மிருதுவா இருக்கு," என்றார்.

மறுபடியும் படிக்கட்டு

ஊருக்கு வந்து வெயில் உடம்பில் ஏறியதும் மறுபடியும் அரிசியை முதுகில் ஏற்றினோம். அடுத்த வருஷம் இன்னும் மெதுவாக, இன்னும் ஓய்வு எடுத்துக்கொண்டு, இன்னொரு முறை போய்ப் பார்க்கலாம், டாக்டர் சரி என்றால் மட்டும், என்பது நஸ்ரின் ஏற்பாடு. அதே பறக்கும் ரயில் படிக்கட்டு. அதே போலீஸ்காரர். மீசைதான் கொஞ்சம் நரைத்திருந்தது.

"இன்னா சார், மலை ஏறிட்டு வந்துட்டீங்களா? உச்சிக்குப் போனீங்களா?"

"இல்லீங்க. பாதியில தலைவலி வந்துடுச்சு. இறங்கிட்டோம்."

"யாருக்கு?"

"எனக்கு..." என்று ஆரம்பித்தார் இவர்.

"எனக்கு சார்," என்றேன் நான்.

போலீஸ்காரர் என்னை ரொம்ப அனுதாபத்தோடு பார்த்தார். "அது பித்தமா இருக்கும்மா. ஒரு லெமன் சோடா அட்ச்சிருந்தா சரியாப் பூட்டிருக்கும்."

நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிக்கெட் கவுண்டர் வரிசையே திரும்பிப் பார்த்தது. பாவம், அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

சிரித்து முடித்து ஏற ஆரம்பித்தோம். பாதிப் படியில் நான் நின்றேன். இவரும் நின்று திரும்பினார்.

"என்ன ஆச்சு?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது அந்தச் சொல். விழுங்கினேன்.

"வலது முட்டி வலிக்குதுங்க."

அவர் இரண்டு படி இறங்கி வந்து என் பையைக் கழற்றித் தன் மார்பில் மாட்டிக்கொண்டார். முன்னால் ஒரு மூட்டை அரிசி, பின்னால் ஒரு மூட்டை அரிசி. நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். தேர் வேகத்தில் கீழே இறங்கினோம்.